மண் விழுந்த பக்கம்

மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தபோது முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டப் பழக்கினார்கள். பதுங்கு குழியை வாசிக்க எவரும் பழக்கவில்லை. அதை நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் குடும்பிமலை அடிவாரத்தில், மூன்று நாள் வேலையை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் தாண்டிப் போக வேண்டும். மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் படகுதான். தூரத்திலிருந்து பார்த்தால் மலை, முடிந்து வைத்த குடும்பி மாதிரியே இருக்கும். சிங்களத்தில் தொப்பிகல. வெள்ளைக்காரருக்கு அது ஒரு பிரபுவின் தொப்பி. தலை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், தலையில் என்ன இருக்கிறது என்பதில்தான் தகராறு. 2007 ஜூலை 11ஆம் திகதி இராணுவம் புலிகளிடமிருந்து இந்த மலையைக் கைப்பற்றியது. நாங்கள் அங்கே போனது அதற்குச் சில வருடங்கள் கழித்து.

காவலரண் இருந்தால் அதற்கு முன்னால் வெடி புதைத்திருப்பார்கள். ஆகவே குழி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதுதான் முதல் கேள்வி. வெட்டிய மண்ணை எதிரி வரும் பக்கத்தில் குவித்து அணையாக்குவார்கள். அகழியையும் நேராக வெட்டுவதில்லை. ஒரு முடக்கில் செல் விழுந்தால் சிதறல் அடுத்த முடக்கில் இருப்பவரை எட்டக்கூடாது என்பதற்காக வளைத்து வளைத்துப் போவார்கள்.

நாங்கள் கண்ட அகழியில் மண் கிழக்கே குவிந்திருந்தது. கிழக்கே தடி நட்டுச் சுரண்டினோம். ஆணி, ரின்மீன் மூடி, ரவைக் கோது எல்லாம் வந்தன, வெடி மட்டும் வரவில்லை. நான்காம் நாள் மேற்குக் கரையில் புல் மூடிய மெல்லிய திட்டு ஒன்று கண்ணில் பட்டது. அதுவும் அணைதான், ஆனால் முந்தியது. முதலில் இருந்தவர்கள் மேற்கைப் பார்த்து இருந்திருக்கிறார்கள். இடத்தைப் பிடித்தவர்கள் அதே குழியைத் துப்புரவாக்கி, மண்ணை மறுபக்கம் எறிந்து, கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேற்கே தேடியபோதுதான் ஜொனி வெடிகள், புலிகள் பலகைப் பெட்டியில் செய்த மிதிவெடிகள், வந்தன. பெட்டிகளைக் கறையான் அரித்திருந்தது.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்துக்கொண்டேன். படிவத்தில் வெடியின் வகை, ஆழம், இடம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. குழிக்கு “பழைய அகழி” என்று எழுதினால் போதும். நான் வளைவுகளை எண்ணினேன், அணைகளைக் காலடியால் அளந்தேன். “தங்கச்சி, இது வெடி எடுக்கிற வேலை, சரித்திரம் எழுதுகிற வேலையல்ல” என்றார் எங்கள் குழுத் தலைவர். நாளுக்கு இத்தனை சதுர மீற்றர் என்று அவர் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. பிழை சொல்ல முடியாது.

மேலே பாறைப் பகுதியில் தோண்ட முடியாது. அங்கே கல்லடுக்கி, முழங்கால் உயரத்தில் அரைவட்டமாக அரண் கட்டியிருந்தார்கள். உள்ளே தட்டையான கல்லில் யாரோ தாயக்கட்டம் கீறியிருந்தார்கள். எந்தப் பக்கத்துக்காரர் என்று சொல்ல ஒரு தடயமும் இல்லை. கொப்பியில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

இத்தாலியின் அல்ப்ஸ் மலைகளில் 1915 முதல் 1918 வரை நடந்த போரின் அகழிகளைத் தொல்லியலாளர்கள் ஆய்வதைப் பற்றிப் பிறகுதான் வாசித்தேன். புந்தா லிங்கே என்ற சிகரத்தில், 3,600 மீற்றருக்கும் மேலே, பனிக்குள் கிடந்த ஒஸ்திரிய இராணுவத்தின், கம்பிவடத்தில் பொருள் ஏற்றும் நிலையத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2001இல் அந்தப் போரின் எச்சங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே இயற்றினார்கள். எங்கள் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. தொல்பொருள் எது என்று வரையறுக்க அது பிடித்த கோடு 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் பிரித்தானியருக்குக் கைமாறிய நாள். அந்தக் கோட்டின்படி எங்கள் குழிகளுக்கு இன்னும் வயதாகவில்லை.

வயதாக விடுமா மழை? அங்கே கல்லைக் குடைந்தும் பனிக்குள்ளும் அமைத்தவை நூறு வருடம் தாங்கின. இங்கே செம்மண். மாரிக்கு மாரி அணை கரைந்து குழிக்குள்ளேயே இறங்கும். மரக்குற்றிகளைக் கறையான் பார்த்துக்கொள்ளும். மிஞ்சுவது மண் நிரப்பி அடுக்கிய, உக்காத உரப்பைகள் மட்டுமே.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். பட்டிக்காரர் ஒருவர் அகழியின் ஒரு பகுதியை மூடியிருந்தார். “கன்றுக்குட்டி இரண்டு விழுந்து கால் முறிந்துவிட்டது மகள், வேறென்ன செய்ய?” என்றார். மிச்சத்தை மாடு தண்ணீர் குடிக்க விட்டிருந்தார். கரையோரம் நடந்து எண்ணினேன். நான்கு வளைவுகள் இருந்தன. என் கொப்பியில் ஏழு.