ஐஸ் பெட்டியா, மெஷினா: தானக் கல்லீரலும் நிராகரிப்பும்

தானக் கல்லீரல் இருக்கும் பெட்டி ஆபரேஷன் தியேட்டருக்கு வந்ததும் நாங்கள் முதலில் கேட்பது, "கிளாம்ப் எத்தனை மணிக்குப் போட்டார்கள்?" என்பதைத்தான் (கிளாம்ப் என்பது தானமளிப்பவரின் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இடுக்கி). குளிர்நேரக் கணக்கு, அதாவது கல்லீரல் ரத்தமின்றிக் குளிரில் இருக்கும் நேரம், அந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. 8 மணி நேரத்துக்குள் ரத்தம் பாய்ச்சிவிடப் பார்ப்போம். கொழுப்பு படிந்த கல்லீரல் என்றால் அதற்கும் முன்பே.

பெட்டிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைகள் இருக்கும். உள்பையில், உறுப்பைக் கெடாமல் காக்கும் யூ.டபிள்யூ. கரைசலில் மூழ்கிய கல்லீரல், அடுத்ததில் குளிர்ந்த சலைன். ஐஸ் வெளியே மட்டும்தான். கல்லீரல் மீதே பட்டால் பட்ட இடம் உறைந்து கெட்டுப்போகும்.

குளிரிலும் செல்கள் கொஞ்சம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஆக்சிஜன் கிடைக்காமல் செல்லின் எரிபொருளான ஏடிபி தீர்ந்து, சக்சினேட் என்ற வளர்சிதைமாற்றப் பொருள் சேர்ந்துவிடும். சூடான ரத்தம் வந்ததும் செல்லின் சக்தி நிலையங்களான மைட்டோகாண்ட்ரியா அதை ஒரேயடியாக எரித்து, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் ராடிக்கல்களைக் கக்கும். அடிபட்ட செல்களிலிருந்து சிதறுபவை கல்லீரலின் காவல் செல்களான குப்ஃபர் செல்களை உசுப்ப, அவை எதிர்ப்புச் சக்தியின் டி செல்களைக் கிளப்பிவிடும். கல்லீரலைப் பாதுகாத்து வைத்தபோது பட்ட அடி, நிராகரிப்புக்கு (பெறுபவரின் உடல் புதுக் கல்லீரலைத் தாக்குவதற்கு) வழி திறப்பது இப்படித்தான்.

குளிர் ஆக்சிஜன் பெர்ஃப்யூஷன், அதாவது ஆக்சிஜன் கலந்த குளிர்கரைசலை மெஷினால் கல்லீரலுக்குள் ஓட்டுவது, இந்த இடத்தில்தான் உதவுகிறது. ரத்தம் வருவதற்கு முன்பே, குளிரிலேயே சக்சினேட்டை மெல்லக் கரைத்து ஏடிபியை மீட்கிறது. குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்திலும் தமனியிலும் கேனுலா என்ற மெல்லிய குழாய் வைத்து, குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, சுமார் 10 டிகிரியில் குறைந்தது 2 மணி நேரம் ஓட்ட வேண்டும். அழுத்தம் போர்ட்டலில் 5, தமனியில் 25 மி.மீ. பாதரசம். ஓட்டம் குறைந்தால் அழுத்தத்தை ஏற்றக் கை துறுதுறுக்கும்; ஏற்றாதீர்கள். பெரும்பாலும் கேனுலா முறுக்கியிருக்கும், அல்லது கல்லீரலின் எடையே நாளத்தை மடக்கியிருக்கும். அழுத்தத்தை ஏற்றினால் கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாயான சைனுசாய்டின் உட்சுவர்தான் கிழியும். பித்தநாளத்தை முன்பே குளிர்கரைசலால் அலசிவிட வேண்டும். தங்கும் பித்த உப்பு உட்படலத்தை அரித்துவிடும். கல்லீரல் ஐஸ் பெட்டியில் வந்ததென்றால், யூ.டபிள்யூ. கரைசலில் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 125 மில்லிமோல் இருப்பதை மறக்கக் கூடாது. அலசாமல் ரத்தம் விட்டால் இதயமே நின்றுவிடலாம்.

2021-இல் வெளியான நெதர்லாந்து தலைமையிலான ஆய்வில், இதயம் நின்றபின் தானமான கல்லீரல்களில் பித்தநாளச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. பலன் உறுதியாகத் தெரிவது பித்தநாளத்தில்தான். நிராகரிப்பைப் பொறுத்தவரை, மெஷினில் ஓட்டிவிட்டோம் என்பதற்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸைக் குறைப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

மாற்று அறுவைக்குப் பின் முதல் இரண்டு நாளில், கல்லீரல் செல்கள் அடிபட்டதைக் காட்டும் ஏ.எஸ்.டி. ஆயிரக்கணக்கில் ஏறினால் அது பெரும்பாலும் குளிரில் வைத்ததால் வந்த பாதுகாப்புக் காயம். தமனி ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்த்துவிட்டு, இறங்குகிறதா என்று கவனித்தால் போதும். நிராகரிப்பு பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். அப்போது ஏறும் பிலிருபின் (மஞ்சள் நிறமி) பித்தநாளக் கோளாறாகவும் இருக்கலாம் என்பதால், பயாப்ஸி (திசுத் துணுக்குச் சோதனை) பார்க்காமல் ஸ்டீராய்டான மெதில்பிரெட்னிசோலோன் ஏற்றினால் கிருமித்தொற்றுதான் மிச்சம். பயாப்ஸியில் போர்ட்டல் பகுதி அழற்சி, பித்தநாளச் சிதைவு, சிரை உட்சுவர் அழற்சி மூன்றுக்கும் தலா 3 வீதம் 9-க்கு நிராகரிப்பு மதிப்பெண் வரும். மைய நாளத்தைச் சுற்றிச் செல்கள் உப்பி, பித்தம் தேங்கியிருந்தால் அது பழைய குளிர்க்காயம். இரண்டையும் பிரித்தறிய நோயியல் மருத்துவருக்கு உதவும் என்பதால், பயாப்ஸி படிவத்தில் குளிர்நேரத்தையும் மெஷின் ஓடிய நேரத்தையும் எழுதித்தான் அனுப்புகிறோம்.