தம்பிக்குள் இருக்கும் 'தம்'

பாம்பன் பக்கம் மீன் இறங்குகிற நேரத்தில் போய் நின்றால் நிமிடத்துக்கு நாலு 'தம்பி' காதில் விழும். ஐஸ் பெட்டி தள்ளுகிற பையன், டீ கொண்டு வருகிறவர், வழி கேட்கிற வெளியூர்க்காரர், எல்லாருமே தம்பிதான். பெற்ற மகனையே "தம்பி, சாப்பிட வாப்பா" என்று கூப்பிடுகிற அம்மாக்களும் எங்கள் பக்கம் நிறைய. இப்படி ஊருக்கே பொதுவாகிவிட்ட இந்தச் சொல், ஒரு காலத்தில் யாருடைய தம்பி என்பதையும் தனக்குள்ளேயே வைத்திருந்தது.

பழந்தமிழில் என் தம்பி எம்பி, உன் தம்பி நும்பி அல்லது உம்பி, வேறொருவர் தம்பிதான் தம்பி. தமக்குப் பின் பிறந்தவன். மூத்தவனுக்குத் 'தம்முன்' என்று பெயர் இருந்ததும் இதே கணக்குத்தான். எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய், எல்லாம் இப்படி வரிசையாக நின்றவை. "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற குறுந்தொகைப் பாட்டில் எல்லாரும் செம்மண்ணையும் மழையையும் கொண்டாடுகிறோம், சரி, ஆனால் என்னை முதலில் பிடித்து நிறுத்துவது 'எந்தையும் நுந்தையும்' என்கிற அந்த இடம்தான். திருமங்கையாழ்வார் பாசுரத்தில் இராமன் ஓடக்காரனான குகனிடம் சீதை உன் தோழி என்று சொல்லிவிட்டு "உம்பி எம்பி" என்கிறான். என் தம்பி இனி உன் தம்பி. இரண்டே சொல்லில் உறவு உண்டாகிவிட்டது!

இன்று எம்பியும் உம்பியும் பேச்சில் இல்லை, 'தம்' ஒட்டியது மட்டும் நிலைத்துவிட்டது, அதனால்தான் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து "எங்க தம்பி" என்கிறோம். தமிழில் மட்டும் இல்லை, தெலுங்கில் தம்முடு, கன்னடத்தில் தம்ம. தந்தைக்குத் தண்ட்ரி, தந்தெ. மூன்று இடத்திலும் அதே 'தம்'. மலையாளத்தில்தான் கதை வேறு. கூடப்பிறந்த இளையவன் அங்கே அனியன். தம்பி என்பது திருவிதாங்கூர் மன்னர்களின் மகன்களுக்குப் பட்டமாகிவிட்டது, தாய்வழி வாரிசு முறையான மருமக்கள்தாயத்தில் அரியணை சகோதரியின் மகனுக்குத்தானே போனது. 'தந்த' என்றால் அங்கே இப்போது மரியாதைக் குறைவு, அச்சன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அண்ணன் காக்கா, மலபாரில் அவரே இக்காக்கா. இளையவன் மட்டும் கீழக்கரையிலும் தம்பிதான். காக்காவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள்.