பின் கேரியரும் பாக்ஸும்: மூன்றாவது முயற்சி, 11,000 கிலோமீட்டர்

நேற்று காலை மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பைக்கின் பின்னால் சாமான் பாக்ஸைத் தாங்க மூன்றாவதாகச் செய்த பின் கேரியர் வண்டியில் ஏறி 11,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. முதல் கேரியர் 2,300 கிலோமீட்டரில் விரிசல் விட்டது. இரண்டாவது 4,800 வரை ஓடியது. அது உடையவில்லை, ஆனால் ஆட்டம் கண்டு போல்ட்டையும் ஓட்டையையும் தின்றுவிட்டது. மூன்றையும் பற்றி வரிசையாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பின்னால் பாக்ஸ் மாட்டப் போகிறவர்களுக்கு, அதிலும் நம் வடசென்னைச் சாலைகளில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு, ஏதாவது ஒரு விதத்தில் உதவும்.

வண்டி ஹோண்டா யூனிகார்ன் 150 பைக். வீடு தண்டையார்பேட்டை, வேலை மணலியில். திருவொற்றியூர், சாத்தாங்காடு வழியாக வாரத்தில் ஆறு நாள் போய் வருகிறேன். கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் பக்கம் என்பதால் தார் அமுங்கி, வரப்பு மாதிரி நீளமாக எழும்பி நிற்கும். மழை பெய்துவிட்டால் பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போவேன், பறவை பார்க்க. பூநாரை வரும் மாதங்களில் ஒரு ஞாயிறையும் விடுவதில்லை. கேமரா, பெரிய லென்ஸ், மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் பாக்ஸுக்குள். பாக்ஸ் 45 லிட்டர், காலியாகவே 4 கிலோ. சாமான் சேர்ந்தால் 10 கிலோ. லென்ஸ் உள்ளே இருப்பதால் ஆட்டம் என்பது எனக்கு உயிர் போகிற விஷயம்.

முதல் கேரியர் கடையில் ரெடிமேடாக வாங்கியது. பின் கைப்பிடி இருக்கும் இடத்தில் போல்ட் போட்டு, 16 மில்லிமீட்டர் பைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிறு மீஞ்சூர் தாண்டியதும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் இடது பக்கம், போல்ட் மாட்டும் இரும்புப் பட்டையும் பைப்பும் சேரும் வெல்டிங்கின் ஓரத்தில், பெயின்டில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் பழுப்பாகத் துரு கசிந்திருந்தது. வெல்டிங் விடவில்லை, வெல்டிங்கை ஒட்டிய பைப்தான் விட்டிருந்தது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். பாக்ஸைக் கழற்றி மடியில் கட்டாத குறையாக வீடு வந்து சேர்ந்தேன்.

கொருக்குப்பேட்டையில் எனக்குப் பழக்கமான வெல்டிங் கடை அண்ணன் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இத்த அப்டியே ஒட்டிக் குடுக்கலாம் தம்பி. ஆனா மறுபடி பக்கத்துலயே வுட்டுக்கும்.”

“ஏண்ணே, நல்லா கனமா ஒட்டுனா?”

“கனமா ஒட்டுனா இன்னும் சீக்கிரம் வுடும் பா. ஒட்டுன எடம் கட்டையா நிக்கும், அதுக்கு அடுத்த எடம் ஆடும். ஆடுற எடந்தான் போவும். ஆட்டத்த நிறுத்து, அப்புறம் ஒட்டு.”

அந்த ஒரு பேச்சுதான் இத்தனை வேலைக்கும் ஆரம்பம். பாரம் தாங்காமல் உடைந்தது என்று நான் நினைத்திருந்தேன். 10 கிலோவை அந்தப் பைப் சும்மா தாங்கும். ஆயிரக்கணக்கான தடவை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிர்வதைத்தான் அதனால் தாங்க முடியாது. உலோகச் சோர்வு என்று இதைச் சொல்கிறார்கள். ரயில் அச்சுகள் அளவான பாரத்திலேயே திடீரென்று உடைந்ததால், 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் அச்சுகளை லட்சக்கணக்கான சுற்றுகள் சுற்றவைத்துச் சோதித்தார். இரும்பில் வளைவு ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை ஆடினாலும் விரிசல் வருவதில்லை என்று அந்தச் சோதனையில் தெரிந்தது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு எல்லை கிடையாது. குறைந்த ஆட்டத்திலும் என்றோ ஒரு நாள் விடும். பளபளப்பைப் பார்த்து அலுமினியக் கேரியர் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எவ்வளவு வளைகிறது என்று ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். பின் போல்ட்டிலிருந்து பாக்ஸின் நடுப்பகுதி 30 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 6 சென்டிமீட்டர்தான். கடப்பாரை போட்டுக் கல்லை நெம்புகிற அதே கணக்கு. 10 கிலோ பாரம் முன் போல்ட்டை 50 கிலோ விசையோடு மேலே இழுக்கிறது. இது வண்டி நிற்கும்போது. பள்ளத்தில் விழுந்து எழும்போது பாரம் மூன்று மடங்காகிறது என்று வைத்தாலும் 150 கிலோ. போல்ட்டுக்கு அது பெரிய சுமை இல்லை. அதே நெம்பல் பைப்பை வெல்டிங் ஓரத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வளைக்கிறதே, அதுதான் பிரச்சினை.

இரண்டாவது கேரியரை நானே வடிவமைத்தேன். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் 19 மில்லிமீட்டர் பைப், 1.6 மில்லிமீட்டர் கனத்தில், முழு நீளமாக 6 மீட்டர் எடுத்தேன். சுவரின் கனத்தைக் கூட்டுவதைவிடப் பைப்பின் விட்டத்தைக் கூட்டுவது நல்லது. 16-லிருந்து 19-க்குப் போனால் எடை ஐந்தில் ஒரு பங்குதான் ஏறும், வளையாத உறுதியோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகும். மூலைகளில் முக்கோணத் தகடு வைத்து அண்ணன் ஒட்டிக் கொடுத்தார். கடல்காற்றுக்குத் துரு பிடிக்கக் கூடாது என்று முழுவதும் பவுடர் கோட்டிங் (தூளாகத் தெளித்துச் சூளையில் சுடும் பெயின்ட்), போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த அழகுதான் ஆட்டத்துக்குக் காரணம் என்று தெரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. இறுக்குவேன், இரண்டு வாரத்தில் தளரும். ஸ்பிரிங் வாஷர் போட்டேன், அப்படியும் தளர்ந்தது. இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

போல்ட்டை இறுக்கும்போது அது ரப்பர் பேண்ட் மாதிரி கொஞ்சம் நீள்கிறது. அந்த நீட்சிதான் இரண்டு இரும்பையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. இவ்வளவு குட்டையான எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட்டில் அந்த நீட்சி சுமார் 0.03 மில்லிமீட்டர்தான். பவுடர் கோட்டிங் பட்டையின் இரண்டு முகத்திலும் சேர்த்து 0.15 மில்லிமீட்டர் கனம் இருக்கும். வெயிலிலும் அழுத்தத்திலும் அது ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினாலே போதும், போல்ட்டின் பிடி மொத்தமாகப் போய்விடும். பிடி போனதும் பட்டை போல்ட்டின்மேல் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பிக்கிறது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-ல் இதைச் சோதித்துக் காட்டினார். நேராக இழுப்பதைவிட, பிடித்திருக்கும் இரண்டு தகடும் பக்கவாட்டில் வழுக்கும்போதுதான் நட் தானே சுழன்று கழல்கிறது. அந்த வழுக்கலை ஸ்பிரிங் வாஷர் தடுப்பதில்லை. நான் மாட்டிய இடத்தில் நடந்ததும் அதேதான். ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் என் தவறுதான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ், தலையில் 8.8 என்று பொறித்த இரும்புப் போல்ட்டைவிடச் சீக்கிரம் நீண்டுவிடும். 8.8-க்கான 25 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தை அதற்குக் கொடுத்தேன். கழற்றிப் பார்த்தபோது மரை இழுபட்டிருந்தது.

மூன்றாவது முயற்சிக்கு முன்னால் இரண்டு ஞாயிறு பழவேற்காடு போகவில்லை. அட்டைப் பெட்டியை வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி அளவெடுத்தேன். பாக்ஸை எவ்வளவு முன்னால் தள்ளலாம் என்பதுதான் கேள்வி. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, அவள் முதுகில் இடிக்காமல் 9 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவர முடிந்தது. அதாவது 30 இப்போது 21. முன் பின் போல்ட்டுகளுக்கு இடையே இருந்த தூரத்தை ஒரு நீளப் பட்டை வைத்து 6-லிருந்து 16 சென்டிமீட்டர் ஆக்கினேன். அதே 10 கிலோவுக்கு முன் போல்ட்டில் இழுப்பு 50-லிருந்து 13 கிலோவாக இறங்கியது. பின்னால் நீட்டும் தூரம் குறைந்ததால் பைப்பின் வளைவும் குறைந்தது. பெரிய செலவில்லாமல் கிடைத்த பலன் இதுதான் என்பதால் இரண்டு முறை சொல்வேன்: பாக்ஸை முன்னால் தள்ளுங்கள், போல்ட்டுகளை விலக்கி வையுங்கள்.

அடுத்தது கீழிருந்து ஒரு முட்டு. கேரியரின் பின்பாதியிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக இறங்கிப் பின் ஃபுட்ரெஸ்ட் போல்ட்டில் சேரும் பைப். நீட்டிக்கொண்டிருந்த கை இப்போது முக்கோணமாகிவிட்டது. இடது பக்கம் சாரி கார்டு இடைஞ்சலாக இருந்தது. அதைக் கழற்றிவிடலாம் என்று கடையில் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் மோட்டார் வாகன விதிப்படியே இருக்க வேண்டியவை. புடவை கட்டிய ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அதைக் கழற்ற எனக்கு மனம் வராது. 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் துண்டு) வைத்து முட்டுப் பைப்பை வெளியே தள்ளிக்கொண்டேன்.

பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும்போது போல்ட் உட்காரும் முகங்களை மட்டும் மறைத்துவிடச் சொன்னேன். சூளையில் 200 டிகிரி வரை சூடு வைப்பார்கள், சாதாரண டேப் தாங்காது, அதற்கென்று தனி டேப் அவர்களிடமே இருக்கிறது. இரும்பும் இரும்பும் நேராகச் சேர வேண்டும். சேர்த்து இறுக்கிய பிறகு சுற்றிலும் கிரீஸ் தடவிவிடுகிறேன். பைப்பின் தாழ்ந்த முனையில் சின்னதாக ஒரு ஓட்டை. அது இல்லையென்றால் மழைத் தண்ணீர் உள்ளே நின்று, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். எண்ணூர்க் காற்றில் உப்பும் சாம்பலும் கலந்து வருகிறது, கழுவாமல் விட்டால் ஒரு வாரத்தில் கையில் ஒட்டும்.

போல்ட் 8.8, மரையில் தடவும் நீல நிற லாக்டைட் 243 பசை, கீழே நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது). நீலம் ஸ்பேனரிலேயே கழலும். சிவப்பைப் போட்டால் சூடுகாட்டித்தான் கழற்ற வேண்டும், கேரியருக்கு அது வேண்டாம்.

பாக்ஸ் உட்காரும் பிளாஸ்டிக் பிளேட் தனிக் கதை. அதன் கிளாம்ப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக்கே வெடிக்கும். அடியில் அகலமான இரும்புப் பட்டை வைத்து அழுத்தத்தைப் பரப்பினேன். பாக்ஸுக்கும் பிளேட்டுக்கும் நடுவே பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டியதும் கடகட சத்தம் நின்றது. ஆனால் போல்ட் இறுக்கும் இடத்தில் ரப்பர் வைக்காதீர்கள், பெயின்ட் மாதிரியே அதுவும் அமுங்கும்.

அப்பா ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்ட காலத்து ஆள். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, “தட்டிப் பாருடா. நல்ல இரும்பு பாடும். கிராக் இருந்தா தொண்டை கட்டும்” என்றார். பாக்ஸைக் கழற்றிவிட்டுத் தட்டினால் வித்தியாசம் நிஜமாகவே கேட்கிறது. வீட்டிலிருந்த பழைய கேரியரைத் தட்டினேன், தட்டையான சத்தம். அவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். சந்தேகமான வெல்டிங்கில் டீசல் தடவி, கொஞ்ச நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த டீசல் கசிந்து வந்து, வெள்ளையில் ஈரக் கோடு போடும். பெயின்டைச் சுரண்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பழைய கேரியரில், கண்ணுக்குத் தெரிந்த விரிசலுக்கு எதிர்ப்பக்கம் இரண்டாவது கோடு வந்தது. எனக்கு அது வரை தெரியாது.

ஒவ்வொரு போல்ட்டிலும், நட்டிலிருந்து பட்டை வரை, மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நட் அசைந்தால் கோடு உடையும். ஸ்பேனர் எடுக்காமல் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் குனிந்து ஒரு பார்வை.

11,000-க்கு நேற்று எல்லாவற்றையும் திறந்தேன். மேலே உள்ள நான்கு போல்ட்டிலும் கோடு அப்படியே இருக்கிறது, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்தால் 25 நியூட்டன் மீட்டருக்கு முன்னால் அசையவில்லை. தட்டினால் பாடுகிறது. சாக்பீஸ் வெள்ளையாகவே இருந்தது. இடது முட்டின் கீழ் நட்டில் மட்டும் கோடு லேசாக விலகியிருக்கிறது, ஸ்பேசர் வைத்த அதே இடம். கழற்றிப் பார்த்தால் பட்டையின் ஓட்டை அரை மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. அந்த ஸ்பேசரின் முகத்தை நான் ரம்பத்தால் அறுத்து உப்புத்தாளில் தேய்த்ததோடு விட்டிருந்தேன், சமமாக உட்காரவில்லை. லேத்தில் இரண்டு முகத்தையும் கடைந்து, அகலமான ஸ்பேசராகக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். அது வரை பாக்ஸ் வீட்டில், லென்ஸ் முதுகுப் பையில்.