கை விழுகிறதா, பிடி இருக்கிறதா

108 ஆம்புலன்ஸில் இஎம்டியாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். பக்கவாதமா இல்லையா என்று தெரிந்தால் மட்டும் எங்களுக்குப் போதாது. எவ்வளவு பெரியது என்றும் தெரிந்தால்தான் வண்டியை எங்கே விடுவது என்று முடிவெடுக்க முடியும்.

அதற்கு நான் பார்ப்பது லாம்ஸ், அதாவது லாஸ் ஏஞ்சலஸ் மோட்டார் ஸ்கேல். முகம், கை, பிடி மூன்றுக்கும் மார்க் போடும் முறை. முகம் கோணியிருந்தால் 1. தூக்கிப் பிடித்த கை மெல்ல இறங்கினால் 1, பொத்தென்று விழுந்தால் 2. பிடி தளர்ந்திருந்தால் 1, பிடியே இல்லையென்றால் 2. கூட்டி 4 அல்லது 5 வந்தால் மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ரத்தக்கசிவிலும் இதே மார்க் வரலாம். அதை சிடி ஸ்கேன்தான் சொல்லும்.

சமீபத்தில் ஒரு கிராமத்தில், மாட்டுக்கொட்டகை ஓரம் ஒரு அம்மா கிடந்தார். "சாப்பிடாம மயங்கிட்டாங்க சார்" என்று மகன் சோடாவை வாயில் ஊற்றப் போனார். தடுத்தேன், விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் சுகர் பார்த்தேன், லோ சுகரும் இப்படியே கையை விழவைக்கும். சுகர் சரியாக இருந்தது. கண் இரண்டும் இடப்பக்கமே போயிருந்தன. பேச்சில்லை, சொல்வதும் புரியவில்லை. அதனால் என் கையை நீட்டிக் காட்டி, விரலை அவர் உள்ளங்கையில் வைத்தேன். இடது கை வலிக்கும்படி இறுக்கியது. வலது கையில் ஒன்றுமே இல்லை. முகம், கை, பிடி எல்லாம் கூட்டி மார்க் 5.

"எப்ப ஆச்சு?" என்றால் "இப்பத்தான்" என்கிறார் மகன். அது அவர் பார்த்த நேரம். கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் வேண்டும். ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் அதிலிருந்துதான் ஓடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "ஆறரைக்குப் பால் ஊத்துனாங்களே."

மகன் பக்கத்து கிளினிக்குக்குப் போகலாம் என்றார். அங்கே சிடி இல்லை. ஸ்பெயினின் காட்டலோனியாவில் நடந்து 2022-ல் வெளியான ரேஸ்கேட் ஆய்வில், ரத்தக்கட்டியை எடுக்கும் பெரிய மையத்துக்கு நேராகப் போனவர்களுக்கும், அருகிலுள்ள பக்கவாத மையத்துக்குப் போனவர்களுக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிறிய மையங்களில் ஸ்கேனும் ஊசியும் இருந்தன. இரண்டும் இல்லாத இடத்தில் நிறுத்துவது நேரத்தைக் கொட்டுவதுதான் என்பது என் கருத்து. மெடிக்கல் காலேஜுக்கே விட்டோம்.

வழியிலேயே அங்கே போன் செய்து மார்க், சுகர், ஆறரை மணி எல்லாம் சொன்னேன். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறாங்களா?" மகனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு மாத்திரை அட்டையைப் படிக்கச் சொன்னோம். இப்போதெல்லாம் ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போதே மாத்திரைப் பையையும் கேட்டு வாங்கிவிடுகிறேன்.