குவானகாஸ்தே கடற்கரையில் வீடு: ஓடை, கரிசல், துரு

கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையில் மனை வாங்க நினைப்பவர்கள் அதை அக்டோபரில் போய்ப் பார்ப்பது நல்லது. தமரிந்தோ, நொசாரா, சாமாரா என்று குவானகாஸ்தே மாகாணத்துக் கடற்கரை ஊர்களுக்கு வெளியூர்க் கூட்டம் வருவது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, மழை அநேகமாக இல்லாத மாதங்களில். ரோட்டில் புழுதி பறக்கும், வானம் பளிச்சென்று இருக்கும், மனையின் பின்கோடியில் ஒரு பள்ளம் காய்ந்து சருகு மூடிக் கிடக்கும். யாரும் அதை மறைப்பதில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் அதே பள்ளத்தில் தண்ணீர் ஓடும்.

ஓடினால் அது சட்டத்தின் கண்ணில் ஓடை. 1996-இல் வந்த வனச் சட்டம் (எண் 7575) ஓடையின் இரு கரையிலும் ஊர்ப்புறத்தில் 15 மீட்டர், நகரப்பகுதியில் 10 மீட்டர், நிலம் மேடுபள்ளமாகச் சரிந்தால் 50 மீட்டர் விடச் சொல்கிறது. நிரந்தர ஊற்று இருந்தால் அதைச் சுற்றி 100 மீட்டர். 25-க்கு 40 மீட்டர் மனையில் பின் எல்லையை ஒட்டி ஓடை போனால் 375 சதுர மீட்டர் கணக்கிலிருந்து போய்விட்டது. விலை மட்டும் முழு 1000 சதுர மீட்டருக்கு. எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதை இன்வு என்ற வீட்டுவசதி நிறுவனம் குறித்துக் கொடுக்கும். அந்தத் தாளை வாங்காமல் பிளான் வரையத் தொடங்குவது வீண் செலவு.

கடலுக்கு மிக அருகில், மிக மலிவாக ஒரு மனை வந்தால் இன்னும் உஷார் தேவை. 1977-ஆம் ஆண்டின் 6043-ஆம் எண் சட்டப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் அரசுக்குச் சொந்தம். முதல் 50 மீட்டர் பொதுமக்களுக்கு, அதில் கட்டவே கூடாது. அடுத்த 150 மீட்டரில் முனிசிபாலிட்டி குத்தகை உரிமை தரலாம். அதையும் அந்த நாட்டில் குறைந்தது ஐந்து வருடம் வசிக்காத வெளிநாட்டவருக்குத் தர முடியாது, பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பங்கு உள்ள கம்பெனிக்கும் தர முடியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். அவரோடு மனத்தாங்கல் வந்தால் வீடு யாருடையது என்பதை மட்டும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். 200 மீட்டருக்கு அப்பால் இந்தச் சிக்கல் இல்லை, பத்திரம் உள்ள நிலத்தை வெளிநாட்டவர் தன் பெயரிலேயே வாங்கலாம். தேசியப் பதிவகத்தின் இணையதளத்தில் பத்திர எண்ணையும் சர்வே வரைபட எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தில் குறித்த வரைபட எண்ணும் விற்பவர் நீட்டும் வரைபடத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர்மாற்ற வரி 1.5 சதவீதம், வருட சொத்துவரி 0.25 சதவீதம்.

அடுத்தது தண்ணீர்க் கடிதம். கிராமங்களில் குடிநீரை நடத்துவது ஆசாதா எனப்படும் உள்ளூர்த் தண்ணீர்ச் சங்கம். இந்த மனைக்கு, வீட்டு உபயோகத்துக்கு இணைப்பு தர முடியும் என்று அது எழுதித் தந்தால்தான் கட்டட அனுமதி. கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு உள்ள இடங்களில் சங்கம் புது இணைப்பை நிறுத்தி வைத்திருப்பது சகஜம். பக்கத்து வீட்டில் குழாய் ஓடுவது எதற்கும் ஆதாரமில்லை. கிணறு தோண்டிக்கொள்ளலாம் என்பதும் அவ்வளவு லேசான வழியல்ல, அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். எனவே ஒப்பந்தத்தில் ஒரு வரி: கடிதம் வராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும், அதுவரை பணம் எஸ்க்ரோவில், அதாவது பொதுவான மூன்றாம் ஆள் கணக்கில் இருக்கும். விற்பவர் இதற்கு முகம் சுளித்தால் வேறு மனை பார்க்கலாம்.

குவானகாஸ்தேயின் தாழ்வான நிலங்களில் சொன்சொகுவித்தே என்ற கறுப்புக் களிமண் உண்டு. கோவில்பட்டிப் பக்கம் கரிசலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழையில் உப்பிக் கிளம்பும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். மூன்று நான்கு இடத்தில் குழி தோண்டி மண் பரிசோதனை செய்துவிடுங்கள். பட்டை மெல்லிதாக இருந்தால் முழுக்க வெட்டி எடுத்து, லாஸ்த்ரே என்ற சரளையை 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். ஆழமாகப் போனால் இன்ஜினியர் சொல்வதுதான் முடிவு. எப்படியும் வீட்டைச் சுற்றி வடிகாலும், சுவரை ஒட்டி வெளிச்சாய்வாக ஒரு மீட்டர் சிமெண்ட் தளமும் வேண்டும், அஸ்திவாரத்தடி ஈரம் வருடம் முழுக்க ஒரே அளவில் இருப்பதற்காக. செப்டிக் டேங்க்குக்கான உறிஞ்சு சோதனையையும் மழைக்காலத்தில் வையுங்கள். வெடித்த களிமண் மார்ச்சில் எவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும்.

வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் சங்கத்தில் பதிவு பெற்றவர். சங்கத்தின் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலில் வரைபடமும் விவரக்குறிப்பும் கட்டடமதிப்பில் 4 சதவீதம், மேற்பார்வை 3 சதவீதம். முனிசிபாலிட்டியின் கட்டட வரி 1 சதவீதம் வரை.

இது நிலநடுக்க நாடு. 2012 செப்டம்பர் 5 அன்று நிகோயா தீபகற்பத்தில் 7.6 அளவில் குலுங்கியது. ஹாலோ பிளாக் சுவரில் கம்பி நிற்கும் குழிகளை கான்கிரீட்டால் நிரப்புவதில்தான் பலம் இருக்கிறது, வேலை கெடுவதும் அங்கேதான். சுவரை மேல்வரை எழுப்பிவிட்டு உச்சியிலிருந்து ஊற்றினால், கல் கட்டும்போது உள்ளே விழுந்த கலவைக் கட்டிகளில் கான்கிரீட் சிக்கி நடுவில் காலியாக நின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு கம்பிக்குழியின் அடிக்கல்லிலும் ஒரு கையளவு திறப்பு விட்டு, கட்டிகளை வழித்தெடுத்து, அதன்பிறகே நிரப்ப வேண்டும். ஊற்றும்போது திறப்பில் கான்கிரீட் எட்டிப் பார்க்கிறதா என்று ஒருவர் நின்று பார்க்கட்டும். பிறகு சுவரைச் சுத்தியலால் தட்டினால் காலி இடம் டொங்கென்று காட்டிக்கொடுக்கும்.

கான்கிரீட்டில் ஆகும் தப்பு பெரும்பாலும் தண்ணீர்தான். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 22 லிட்டர், மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேர்த்தி. வெயிலில் கலவை இறுகுகிறது என்று ஓஸ் பைப்பைப் பிடித்துவிட்டால் அந்தக் கான்கிரீட் காய்ந்தபின் நுண்துளையாகி உப்புக்கு வழி விடும். வெளிப்பக்கக் கம்பிக்கு 50 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்), மண்ணைத் தொடும் இடத்தில் 75. அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் மரத்துண்டோ உடைந்த ஓடோ வைக்க விடாதீர்கள். கடற்கரை மணல் ஒரு சட்டிகூட வேண்டாம், அள்ளுவதே குற்றம், போதாததற்கு அதிலுள்ள குளோரைடு கம்பியைத் தின்னும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். தூணில் நேர்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் காரணம் இதுதான்.

கூரையில் துரு இன்னும் சீக்கிரம் வரும். கால்வனைஸ் செய்த சட்டங்களை வெல்டிங் வைத்து இணைப்பதுதான் அங்கே வழக்கம். வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் வெற்றிரும்பு நிற்கும். அதை வயர் பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, துத்தநாகம் நிறைந்த பெயிண்ட் இரண்டு கோட் அன்றைக்கே அடிக்க வேண்டும். வெறும் ரெட் ஆக்சைடு இந்தக் காற்றுக்குத் தாங்காது. சதுரக் குழாய்களின் இரு முனையையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருந்து அரிக்கும். ஸ்குரூ, கீல், கைப்பிடிக்கம்பி எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 போட்டால் சீக்கிரமே தேநீர் நிறத்தில் துருக்கறை படியும். வினோதம் என்னவென்றால், மழை படும் கம்பியைவிட இறவாணத்துக்கு அடியில் மழை படாத கம்பிதான் முதலில் கெடும், உப்பைக் கழுவ ஆளில்லாததால்.

தேக்கு அங்கே தோட்டப் பயிர், தாராளமாகக் கிடைக்கும். இளம் மரமாக இருந்தால் வெளிர்நிற வெளிமரம் அதிகம், கரையான் அதைத்தான் தேடிப்போகும். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் கொடுங்கள் என்று மரக்கடையில் சொல்லுங்கள், விலை கூடத்தான் செய்யும்.

கடல் மேற்கே, சூரிய அஸ்தமனம் மேற்கே, ஆகவே எல்லோரும் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி கேட்கிறார்கள். நொசாரா ஏறக்குறைய மதுரையின் அட்சரேகையில் இருக்கிறது. மதுரையில் மேற்கு வெயிலுக்கு முழுக் கண்ணாடி வைப்பீர்களா? பிற்பகல் மூன்றரைக்கு மேல் சூரியன் தாழ்ந்து உள்ளே வரும், ஒன்றரை மீட்டர் இறவாணம் போட்டாலும் தடுக்காது. பார்வைக்கு ஒரு திறப்பு, அதற்கு முன்னால் ஆழமான வராந்தா, மற்ற இடத்தில் சுவர் என்பதே வசதி.

தண்ணீர் நிற்கும் நாட்களுக்குத் தொட்டி வேண்டும். நாலு பேருக்கு ஆளுக்கு 200 லிட்டர் என்றால் 2500 லிட்டர் தொட்டி இரண்டு ஆறு நாள் தாங்கும். மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலிருந்து மிக்ஸி கிரைண்டர் கொண்டுபோய்ப் பயனில்லை.

பணத்தை வேலை முடிந்த அளவுக்கு மட்டும் கொடுங்கள், ஒவ்வொரு தவணையிலும் 10 சதவீதம் பிடித்து வையுங்கள். தொழிலாளர் விபத்துக் காப்பீடும் சமூகக் காப்பீட்டுச் சந்தாவும் கட்டிய ரசீது மாதாமாதம் கைக்கு வந்த பிறகே அடுத்த தவணை. முதலாளி கட்ட வேண்டிய சந்தா சம்பளத்தில் கால்பங்குக்கு மேல். விலைப்புள்ளி சந்தேகமான அளவுக்கு மலிவாக இருந்தால் ஒப்பந்தக்காரர் விட்டுவிட்டது அநேகமாக இதைத்தான். டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டப்படி உண்டு, அந்தத் தொகை யார் கணக்கில் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.