டெல்ஃப் ஜூனியர்: எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பத்தாம் வகுப்பில் பிரெஞ்சுக்கு 90க்கு மேல் வாங்குகிற பிள்ளை, பிரெஞ்சு அரசின் மொழித் தேர்வான டெல்ஃபில், ஏ1 என்னும் தொடக்க நிலையின் கேட்டல் பகுதியில் 25க்கு 5 கூட எடுக்காமல் தோற்றுப்போகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் கண்ணால் பார்த்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். குற்றம் பிள்ளையுடையது இல்லை. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு பிரெஞ்சின் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண்: படித்துப் புரிந்துகொள்ளுதல் 10, எழுதுதல் 20, இலக்கணம் 30, பண்பாட்டுப் பாடங்கள் 20. காதுக்கும் வாய்க்கும் அதில் இடமே இல்லை. மிச்சம் 20 பள்ளியே போடுவது. டெல்ஃபிலோ கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் தலா 25. தேற மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே இறங்கக் கூடாது. மற்ற மூன்றிலும் சேர்த்து 60 எடுத்திருந்தாலும் கேட்டலில் 4.5 என்றால் தோல்விதான். அடுத்த முறை நான்கு பகுதிகளையும் மறுபடி எழுத வேண்டும்.

தமிழ்நாடு, கேரள எல்லையில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை பக்கத்துக்காரர்களுக்கு, இந்தத் தேர்வை எழுதவைக்கும் பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்செஸ் என்றால் திருவனந்தபுரம்தான் கிட்டம். சென்னையிலும் உண்டு. ஆனால் 14 வயதுப் பிள்ளையை ஒரு தேர்வுக்காக ராத்திரி ரயிலில் ஏற்றிவிட எந்த வீட்டிலும் மனசு வராது.

முதல் சிக்கல் பள்ளி அலுவலகத்திலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம், கேரளத்தில் 2017ஆம் ஆண்டு மலையாள மொழி கற்றல் சட்டம். ஆகவே இரண்டு பக்கமும் ஒன்பதாம் வகுப்புப் பதிவில் அலுவலகம் முதலில் நிரப்புவது மாநில மொழியைத்தான். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது, பிள்ளை தாய்மொழியை விடவே கூடாது. ஆனால் சிபிஎஸ்இ திட்டத்தில் இரண்டு மொழிக்கு மேல் இன்னொரு மொழியைக் கூடுதல் பாடமாக எடுக்கலாம் என்பதைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. ஒரு பள்ளியில் பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளின் பதிவில் பிரெஞ்சின் பாட எண்ணான 018 எங்குமே இல்லை. போன வருஷத்துப் பட்டியலை அப்படியே நகல் எடுத்து, எல்லார் பெயருக்கும் நேராக 006, அதாவது தமிழ் மட்டும் போட்டிருந்தார்கள். கேட்டபோது கிளார்க் சொன்ன பதில்: "டீச்சரே, பத்தில பாத்துக்கிடலாம்." பத்தில் பார்க்க முடியாது. ஒன்பதில் பதிந்த பாடத்தை மாற்ற வாரியத்தின் அனுமதி வேண்டும். பதிவு முடியும் முன்பே சரிபார்ப்புப் பட்டியலின் அச்சுப்படியைக் கேட்டு வாங்கி, பெயர், பிறந்த தேதி, பாட எண் மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். பதினொன்றில் தொடர்கிறவர்களுக்கு எண் 118 என்று மாறும்.

இரண்டாவது சிக்கல் பெயர். இதில்தான் நம் பக்கத்துக்காரர்கள் படும் பாடு அதிகம். பிரசவம் கேரளப் பக்க ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், சில சமயம் தாய் பெயர், தகப்பன் பெயர் இரண்டின் முதலெழுத்தும் சேர்ந்து. தமிழ்நாட்டுப் பள்ளியில் அது முன்னால் வந்து ஒற்றை எழுத்தாகிவிடும். ஆதாரில் எடுத்தவர் தட்டியபடி. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தகப்பனாரின் முழுப்பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்துவிடும். டெல்ஃப் விண்ணப்பத்திலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் உண்டு. அங்கே இனிஷியலைக் குடும்பப் பெயராகப் போட்டால் பிரான்சிலிருந்து வரும் டிப்ளமாவிலும் அதேதான் அச்சாகும். பின்னால் கல்லூரிக்கோ விசாவுக்கோ காட்டும்போது பாஸ்போர்ட்டோடு பொருந்தாது. பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். இல்லையென்றால் முதலில் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் ஒன்றாக்குங்கள். கேரளச் சான்றிதழை அங்குள்ள அரசு சேவை மையமான அக்ஷயாவில் பார்க்கச் சொல்வார்கள், பள்ளிச் சான்றுக்கு இந்தப் பக்கம் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே அலைச்சல் நிச்சயம். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு இதைத் தொடங்கினால் பதிவுத் தேதி போய்விடும். எந்த அடையாள அட்டையை மையம் ஏற்கும் என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம், கட்டணம் இரண்டும் சாதாரண வேலை. ஜூனியர் வகை 12 முதல் 17 வயது வரை. பெரியவர்கள் எழுதும் தேர்வின் அதே நிலைதான், டிப்ளமாவும் அதேதான். கேள்விகள் மட்டும் பள்ளி, நண்பர்கள், விடுமுறை என்று பிள்ளைகளின் உலகத்தைச் சுற்றி வரும்.

இனி கேட்டல். ஏ1இல் அது சுமார் 20 நிமிடம், ஒலிப்பதிவு இரண்டு முறை ஓடும். பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் எண்களில். பிரெஞ்சுத் தொலைபேசி எண் பத்து இலக்கம், இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 75 என்பதை 'அறுபது பதினைந்து' என்கிற அமைப்பில் சொல்வார்கள், 95ஐ 'நாலு இருபது பதினைந்து' என்று. அறுபது காதில் விழுந்ததுமே பிள்ளை 6 எழுதிவிடும், அடுத்த ஜோடி வருவதற்குள் தடுமாறிவிடும். முழு ஜோடியும் முடியும் வரை பேனாவைத் தூக்கிப் பிடிக்கப் பழக்க வேண்டும். 60 முதல் 99 வரை தினம் பத்து நிமிடம் சொல்லச் சொல்லி எழுதவைத்தால் போதும். ரயில் நேரம், கடை விலை, நடைமேடை எண் எல்லாம் இதிலேயே அடங்கிவிடும்.

அடுத்தது ஸகர ஒலி. 'அவர்களிடம் இருக்கிறது' என்பதற்கும் 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதற்கும் பிரெஞ்சில் வித்தியாசம் அதிரும் ஸகரமா, அதிராத ஸகரமா என்பதில்தான். தமிழிலும் மலையாளத்திலும் அந்தப் பிரிவினை இல்லாததால் காது இரண்டையும் ஒன்றாகவே வாங்கும். தொண்டையில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது பலன் தருகிறது. மூக்கொலி உயிர்கள் மட்டும் நமக்குப் பெரிய வரம். பேச்சில் 'மரம்', 'வந்தான்' என்னும்போது கடைசி மெய் முழுதாக ஒலிக்காமல் மூக்கில் கரைகிறதே, அதே ஒலிதான். மலையாளம் பேசிப் பழகிய பிள்ளை மகரத்துக்கு உதட்டை முழுசாக மூடிவிடும். அதை 'மரம்' என்று தமிழ்ப் பேச்சில் சொல்லவைத்து, உதடு ஒட்டாமல் நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். எந்தப் பாடநூலும் இதைச் சொல்லாது, வகுப்பில் கைகண்ட வழி இது.

எழுதுதலில் ஏ1க்கு ஒரு படிவமும் குறைந்தது 40 சொல்லில் ஒரு சிறு செய்தியும். அடுத்த நிலையான ஏ2க்கு 60 சொல் வீதம் இரண்டு. சொல் குறைந்தால் மதிப்பெண் குறையும், எண்ணிப் பார்க்காமல் தாளைக் கொடுக்கக் கூடாது. பேசுதலுக்கு 10 நிமிடத் தயாரிப்பு உண்டு. அதை முழு வாக்கியம் எழுதுவதில் செலவழித்த பிள்ளை உள்ளே போய் வாசிக்கத் தொடங்கிவிடும், தேர்வாளர் உடனே நிறுத்துவார். சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். சீட்டில் உள்ள சொல்லை வைத்துத் தேர்வாளரிடம் கேள்வி கேட்க வேண்டியது பிள்ளைதான். பதில் சொல்லியே பழகியவர்கள் இங்கே வாயடைத்துப்போகிறார்கள். வணக்கம், தயவுசெய்து, நன்றி, மரியாதைப் பன்மை நான்குக்கும் மதிப்பெண் உண்டு.

தேர்வு நாளில் முதலில் நடப்பது கேட்டல். ஒலிப்பதிவு தொடங்கிய பிறகு கதவு திறக்காது. பேச்சுத் தேர்வு வேறு நாளிலோ மதியத்துக்கு மேலோ இருக்கலாம், அழைப்புக் கடிதத்தில் இரண்டு நேரத்தையும் பாருங்கள். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் பஸ்ஸை நம்ப முடியாது. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019இல் சொன்ன பிறகும் திடீர் ஹர்த்தால் வருகிறது. குழித்துறையிலிருந்து முந்தின ரயிலைப் பிடிப்பதே பத்திரம்.

முடிவு வந்ததும் தேர்ச்சிச் சான்று முதலில் கிடைக்கும், டிப்ளமா பல மாதம் கழித்து. சான்றில் உள்ள விண்ணப்பதாரர் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ஏ2, அதற்கு மேல் பி1 எழுதும்போது இதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். புதியவர் என்று பதிந்துவிட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் உண்டாகி, சேர்க்க மறுபடி கடிதம் எழுத வேண்டிவரும்.