நுனியில் கை ஊன்றினால்

மே 4

மேசைக்குப் பலகைகள் வந்து இறங்கின. பைன் மரம். 4 செ.மீ. கனம், 18 செ.மீ. அகலம். ஐந்தை ஒட்டினால் 90. கால்களுக்கு 9-க்கு 9 சட்டம் தனியாக. நீளம் 180, இரண்டு பக்கமும் தேவைப்படும்போது நீட்ட 40, 40. முழுதாக நீட்டினால் 260. ஆளுக்கு 60 செ.மீ. இடம் என்று கணக்கு வைத்தால் மூடியபோது ஆறு பேர் தாராளமாக உட்காரலாம், நீட்டினால் பத்து.

“வாங்கிடலாமேடா, எதுக்கு இந்த வேலை?” என்றாள் அக்கா.

பதில் சொல்லவில்லை. ரம்பத்தை நேராகப் பிடிக்கத் தெரியாதவன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மே 5

ஈரம் பார்க்கும் கருவியை அழுத்தினால் 17 சதவீதம் காட்டுகிறது. தரையிலிருந்து உயர்த்தி, பலகைக்குப் பலகை நடுவில் மெல்லிய ரீப்பர் கட்டை வைத்து அடுக்கியிருக்கிறேன், நாலு புறமும் காற்று போகிற மாதிரி. 12-க்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது மட்டும் இப்போது நன்றாக வருகிறது.

மே 6

அக்கா போன் செய்தாள். அம்மா வரும் தேதியை இன்னும் சொல்லவில்லையாம்.

மே 9

பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒன்று வில்லாக வளைந்திருக்கிறது. ஒன்று குறுக்கே குழிந்து, ஓடு மாதிரி. ஒன்றுக்கு முறுக்கு. வில்லையும் குழியையும் எப்படியாவது சமாளிக்கலாம், முறுக்கை மட்டும் நம்பாதே என்று படித்திருந்தேன். அதை ஒதுக்கிவிட்டேன். அளவெடுத்து வாங்கியதில் ஒன்று குறைந்தால் என்ன செய்வது என்று அப்போது யோசிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து யோசித்தேன்.

துண்டு போட்டு நீட்டுப்பலகைக்கு வைத்துக்கொள்ளலாம். 40 செ.மீ. நீளத்தில் முறுக்கு பெரிதாகத் தெரியாது.

பழைய மேசையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மே 12

மேற்பலகைக்குத்தான் ஈரம் இறங்க வேண்டும், கால்களை இணைக்கும் சட்டத்தை வெட்டினால் என்ன என்று தோன்றிவிட்டது. மேற்பலகை இரண்டு முனையிலும் கால்களுக்கு வெளியே 25 செ.மீ. நீண்டிருக்கும் படம்தான் எனக்குப் பிடித்தது. பண்ணை வீட்டு மேசை என்றால் அப்படித்தான் இருக்கும். 180-இல் 50 போக, கால்கள் 18 போக, 112. நீளச் சட்டம் இரண்டையும் 112-க்கு வெட்டினேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெட்டு நேர். என் வாழ்க்கையில் நேராக வெட்டிய முதல் இரண்டு துண்டுகள். அக்காவுக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திய பொம்மை ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

மே 13, இரவு 2 மணி

தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அம்மா எப்போதும் முனையில்தான் உட்காருவாள். எழும்போது இடது கையை மேசை விளிம்பில் ஊன்றி, உடம்பை அதன் மேல் கொடுத்து எழுவாள். நீட்டுப்பலகை போட்டிருக்கும்போது அந்த விளிம்பு எங்கே இருக்கும்? கால்களிலிருந்து 25-உம் 40-உம் 65 செ.மீ. வெளியே. கீழே ஒன்றும் கிடையாது.

பைன் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ. மேற்பலகை 32 வருகிறது. கால்கள், சட்டங்கள் சேர்த்தால் 50. மேசையின் எடை நடுவில் இருக்கிறது என்றால், அந்த நடு, கால்களிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம்? 90-இல் 25 போனால் 65. வெளியேயும் 65, உள்ளேயும் 65. சீசா பலகையின் இரண்டு முனை. நுனியில் 50 கிலோ விழுந்தால் அந்தப் பக்கக் கால் அச்சாகி, எதிர்ப்பக்கம் தரையை விட்டு எழும்.

அம்மா போன முறை 58.

ஊன்றும்போது முழு எடையும் கையில் இறங்காதுதான். பாதி இறங்கும். ஆனால் கால் வழுக்கினால் முழுவதும் இறங்கும். இதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

கால்களை வெளியே தள்ள வேண்டும். முனையில் 10 செ.மீ. மட்டும் நீட்டினால் போதும். அப்போது நுனி 50 செ.மீ. தூரத்தில், நடு 80 செ.மீ. தூரத்தில். 50-ஐ 80-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 80 கிலோ. நாலு முறை போட்டுப் பார்த்தேன். 80.

அழகு போகிறது. போகட்டும்.

மே 14

நீளச் சட்டம் 142 வேண்டும். என்னிடம் இருப்பது 112, 112. வெட்டிய மரம் வளராது.

புதிதாக மரம் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம்தான் உறைத்தது: நீட்டுப்பலகையைத் தாங்க, மேசைக்குள்ளிருந்து இழுக்கிற மாதிரி நாலு கட்டை வேண்டும். 9 செ.மீ. அகலச் சட்டத்தை நீளவாக்கில் பிளந்தால் ஒன்றுக்கு இரண்டு. வெளியே 45, உள்ளே 67. உள்ளே இருக்கும் வால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. நுனியை அழுத்தும்போது வால் மேலே எழப் பார்க்கும், மேற்பலகை அதை அமுக்கிப் பிடிக்கும்.

தப்பாக வெட்டியது சரியான அளவாக இருக்கிறது. இதற்கு நான் பெருமைப்பட முடியாது.

மே 17

தேதி சொன்னார்கள். 26.

மே 18

இல்லையாம். பார்க்கலாம் என்கிறார்களாம்.

மே 20

ஈரம் 12. இன்று ஒட்டினேன். அக்கா பையன் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

பசையைத் தடவிய பிறகு நிதானமாக இருக்கலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். பத்து நிமிடத்தில் இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. கிளாம்ப் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும், எல்லாம் ஒரே பக்கம் போட்டால் பலகை முழுவதும் தொட்டில் மாதிரி வளையும். இறுக்க இறுக்க மூன்றாவது பலகை மெதுவாக மேலே ஏறியது. ‘மாமா, ஏறுது, ஏறுது’ என்று அவன் கத்துகிறான். சுத்தியலால் தட்டினேன், இறங்கியது, வேறிடத்தில் ஏறியது.

பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் பசை மரத்துக்குள் போய், பிறகு எண்ணெய் ஏறாது, திட்டாகத் தெரியும் என்று அப்புறம் படித்தேன். பாதி காய்ந்து ரப்பர் மாதிரி ஆனதும் உளியால் சுரண்டியிருக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் செய்த பிறகே படிக்கிறேன்.

மே 21

24 மணி நேரம் கழித்து கிளாம்ப்களைக் கழற்றினேன். மூன்றாவது பலகை 2 மி.மீ. மேடு. விரலால் தடவினால் படி இறங்குவது போல இருக்கிறது. இழைப்புளியை எடுத்தேன். ரேகைக்கு எதிராகத் தள்ளியதில் ஒரு சிலாம்பு பெயர்ந்து வந்துவிட்டது. திரும்பி நின்று மறுபக்கமிருந்து தள்ளினால் சுருள் சுருளாக வருகிறது. அதே மரம், அதே இழைப்புளி.

அந்த ஒரு மணி நேரம் வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை.

மே 24

சட்டத்தைக் கால்களோடு சேர்த்தேன். சாய்வாகத் துளை போட்டு ஸ்க்ரூ, கூடவே பசை, உள்மூலையில் குறுக்கே ஒரு கட்டை. குறுக்காக மூலைக்கு மூலை அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 4 மி.மீ. வித்தியாசம். நீளமாக வந்த மூலைகளில் கிளாம்ப் போட்டு நெருக்கினேன். 1 மி.மீ.-க்கு வந்தது. அங்கேயே விட்டேன்.

ஓர் ஆட்டம் கூட இல்லை. மேலே கையை ஊன்றி, உடம்பைக் கொடுத்து, இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம்.

மே 25

அந்தப் பழைய மேசையில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வருடம். அட்டையை மடித்து வைத்தேன். ஒரு ஸ்க்ரூ, பத்து நிமிட வேலை.

மே 27

தாங்குகட்டைகளுக்கு முனைச் சட்டத்தில் மேலே வாய் வெட்டிப் பொருத்தினேன். ஒரு பக்கத்தை இழுத்தேன், வந்தது. மறுபக்கத்தை இழுத்தேன், வந்தது. இரண்டு பக்கமும் 45 செ.மீ. நீட்டி நின்றதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் உள்ளே தள்ளினேன். முதல் பக்கமே பாதியில் டக் என்று நின்றது.

உள்ளே இருக்கும் இடம் 152. கட்டை 112. இரண்டு பக்கத்துக் கட்டைகளையும் ஒரே நேர்கோட்டில் போட்டிருக்கிறேன். 112-உம் 112-உம் 152-க்குள் எப்படிப் போகும்? இரண்டாம் வகுப்புக் கணக்கு. நுனி, எடை, நடு என்று இரவெல்லாம் போட்டவன் இதைப் பார்க்கவில்லை.

ஒரு பக்க ஜோடியை 5 செ.மீ. உள்தள்ளினால் பக்கத்துப் பக்கத்தில் உரசாமல் போகும். ஒட்டி முடித்த சட்டத்தில் உளியை வைத்துப் புதிய வாய் வெட்ட வேண்டும். பழைய வாய்க்குத் துண்டு வைத்து அடைக்க வேண்டும். அடைத்த இடம் தெரியும். தெரியட்டும்.

மே 28

வெட்டினேன். அடைத்தேன். தெரிகிறது.

மே 30

நீட்டுப்பலகைக்கும் மேற்பலகையின் திசையிலேயே ரேகை ஓட வேண்டும். குறுக்கே ஒரே பலகை போட்டால் வேலை குறையும் என்று முதலில் எண்ணியிருந்தேன். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். 90 செ.மீ. அகலத்தில் ஈரம் 4 சதவீதம் மாறினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அகலம் மாறும். மேசை அகலும், குறுக்குப் பலகை அப்படியே நிற்கும், ஓரங்கள் ஒன்றோடொன்று சேராது. அதனால் ஐந்து குட்டித் துண்டுகள் ஒட்டி ஒன்று, இன்னோர் ஐந்து ஒட்டி இன்னொன்று. மேற்பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் ஸ்க்ரூவுக்கும் வட்டத் துளை இல்லை, நீண்ட துளை. இறுக்கமாகப் பிடி, ஆனால் நகர இடம் விடு. பிடிக்காத பாடம்.

அம்மா போனில் பேசினாள். இரண்டு நிமிடம்.

“என்னடா அங்க சத்தம்?”

“பக்கத்துல ஏதோ வேலைம்மா.”

மே 31

நீட்டுப்பலகை தொங்குகிறது.

மேசையும் அதுவும் சேரும் இடத்தில் சமமாக இருக்கிறது, நுனியில் 3 மி.மீ. இறங்குகிறது. கட்டையின் வாலுக்கும் மேற்பலகைக்கும் நடுவில் தளர்ச்சி. அங்கே 2 மி.மீ. இருந்தால் இங்கே ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. இறங்கும், மீதி வாய் வெட்டியதில் என் கைவண்ணம். அழகுக்காக அல்ல, ஊன்றும்போது முதலில் அந்த 3 மி.மீ. சட்டென்று இறங்கும். கை எதிர்பார்க்காத 3 மி.மீ. அதை யோசித்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

வாலின் மேல் மெல்லிய மரச்சீவலை ஒட்டினேன். கனம் போதவில்லை. இன்னொன்று. இப்போது இழுக்க வரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகுவர்த்தியைக் கட்டை நெடுகத் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. நுனியில் அரை மி.மீ. இரவு 11.

ஜூன் 1

58 கிலோவுக்கு என்ன செய்வது? எனக்கு 71. நுனியில் இரண்டு கையையும் ஊன்றி, காலைத் தரையிலிருந்து எடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினேன். பத்து. எதிர்ப்பக்கக் கால்களுக்கு அடியில் ஒரு காகிதம் வைத்து அக்கா பையனை இழுக்கச் சொல்லியிருந்தேன். இழுக்க வரவில்லை, கிழிந்தது.

“மாமா, ஏன் அழறீங்க?”

மரத்தூள் என்றேன்.

ஜூன் 3

உப்புத்தாள். 80, 120, 180 நம்பர்கள். பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்க்க வேண்டும், கிறுக்கல் போன இடமெல்லாம் தேய்ந்த இடம்.

ஜூன் 5

ஆளிவிதை எண்ணெய் முதல் பூச்சு. பசை துடைத்த திட்டு தெரிகிறது, சொன்ன மாதிரியே.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் படுத்தேன். காயும்போது அந்த எண்ணெய் சூடாகும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும் என்பது நள்ளிரவில் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். துணி வெதுவெதுப்பாக இருந்தது, என் கற்பனையோ என்னவோ. வாளித் தண்ணீரில் முக்கி வைத்தேன். பிறகு தூங்கவில்லை.

ஜூன் 6

தேதி. 11. இம்முறை அவர்களே போன் செய்தார்கள்.

ஜூன் 8

உள்ளே கொண்டுவந்து போட்டோம், நாலு பேர் சேர்ந்து. போட்டதும் ஆடியது.

எனக்குக் கையெல்லாம் சில்லிட்டுவிட்டது. ஒரு காலை அறுக்கலாம் என்று ரம்பத்தை எடுத்துவிட்டேன். அத்தான்தான், “இரு, திருப்பிப் போட்டுப் பாரு” என்றார். தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டோம். அதே மூலைதான் ஆடியது, ஆனால் இப்போது அங்கே வேறு கால். தரைதான் பள்ளம். மேசை இல்லை, தரை.

ஒரு அடி தள்ளிப் போட்டோம். நின்றது. அட்டை வைக்கவில்லை.

ஜூன் 9

எட்டுப் பேரா பத்துப் பேரா என்று அக்கா இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்கு நீட்டாத பக்கத்தில் போடலாமா, அல்லது முனையே வேண்டாம், நடுவில், கால்களுக்கு இடையில் போடலாமா? நடுவில் உட்கார மாட்டாள். முனைதான் கேட்பாள்.

நாற்காலியின் கையும் மேசைச் சட்டமும் இடிக்கிறதா பார்க்க வேண்டும். தரையிலிருந்து சட்டத்துக்கு 62 இருக்கிறது.

ஜூன் 10

நாளைக் காலை 11 மணி. இடது பக்கக் கட்டை ஒன்று லேசாகக் கிறீச்சிடுகிறது. மெழுகு தீர்ந்துவிட்டது, அக்கா வரும்போது